கரு வளையம்

படைப்புழு சோளனைத் தின்ற அந்தப் போகம்
வன்னியசிங்கத்தின் கடைப் பலகையில்
தீன் மூட்டைக்கு நேரே விலை அழிந்து கிடந்தது.
கேட்டால் மட்டும் சொல்வார்,
அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

எனக்கு நூற்றிநாற்பது கோழி.
குறுணல் போட்டேன், தவிடு போட்டேன்,
கருவாட்டுத் தூள் கொஞ்சம்,
வாவிச் சிப்பியை இடித்துக் கொஞ்சம்.
குறை சொல்லாமல் கொத்தின.
குறை சொல்லாமல் இட்டன.
ஓடு பழுப்பு, நிறை சரி, எண்ணிக்கை சரி.

மண்டூர்த் துறையில் பாதை ஏறி
ஏழு தட்டையும் காலிடுக்கில் வைத்துக் காத்து
குருமண்வெளியில் இறங்கிக் கல்முனை போய்ச் சேர,
இஸ்ஸதீன் காக்கா ஒன்றை எடுத்துக்
கோப்பை விளிம்பில் தட்டினார்.

'என்ன தங்கச்சி இது?
கோழிக்கு மஞ்சக்காமாலை வந்திருந்தாலும்
இதைவிட மஞ்சளா இருந்திருக்குமே.'

மாப் பிசைந்த பொடியன்கள் சிரித்தார்கள்.
கலியாணக் கேக் வெளிறி வெந்தால்
முட்டையே போடவில்லை என்பார்களாம்.
இரண்டு தட்டை இரக்கத்துக்கு எடுத்தார்.
ஐந்து தட்டு
என்னோடு மறுகாப் பாதை ஏறின.

மஞ்சளை அரைத்துத் தீனில் பிசறினேன்.
அலகு மஞ்சள். எச்சம் மஞ்சள்.
என் பத்து நகமும் மஞ்சள்.
கரு மட்டும் அசையவில்லை.

மிருக வைத்தியர் அம்மா சிரிக்காமல் சொன்னார்:
மஞ்சளின் மஞ்சள் வேறு, சோளனின் மஞ்சள் வேறு.
அது குடலோடு வழிந்து போய்விடும்;
இது கொழுப்பில் ஏறிக் கருவுக்கு வரும்.
மேசையில் ஒரு விசிறியை விரித்தார், பதினைந்து இதழ்.
முதலாவது கஞ்சித் தண்ணி.
கடைசி, பிசைந்த பனம்பழம்.
'உங்கட முட்டை இரண்டுக்கும் மூண்டுக்கும் நடுவில.
சத்தில குறை ஒண்டுமில்ல.'

அதை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால்
பேக்கரியில் காட்டலாமே என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.

திரும்பி வந்ததையெல்லாம் துளசிகா தின்றாள்.
அவித்து, பொரித்து, சொதியில் உடைத்து ஊற்றி.
கிளினிக் தராசு அந்த மாதம்
எழுநூறு கிராம் ஏறி நின்றது.
'என்ன குடுக்கிறீங்க புள்ளைக்கு?' என்றார் மிட்வைப்.
விலைபோகாததை, என்றேன்.

ஒரு திங்கட்கிழமை
தோடு வங்கிக்குள் போனது.
சோளன் இரண்டு மூட்டை வெளியே வந்தது.
வேலி முருங்கையையும் மொட்டையடித்துப் போட்டேன்.

வெள்ளி காலை ஒன்றை அவித்து
நூலால் அறுத்துப் பார்த்தேன்.
நடுவில் அதே வெளிறல்.
அதைச் சுற்றி, நகக்கண் அளவு,
ஒரு மஞ்சள் வரம்பு.

கோழி கருவை ஒரே நாளில் செய்வதில்லை.
அன்றன்று தின்றதை அன்றன்றே
ஒரு சுற்றாகப் பூசிப் பூசி வளர்க்கிறது.
உள்ளே, கைமாற்றுக் கேட்டுப் படலை படலையாய் நடந்த கிழமை.
ஓரத்தில், காது வெறுமையான திங்கள்.
என் கடன் கொப்பிகூட
இவ்வளவு நேர்மையாய் எழுதப்பட்டதில்லை.

அன்று கண்ணாடியில்
என் கண்ணுக்குக் கீழேயும் வளையம் தெரிந்தது.
அது எந்தெந்த நாளால் ஆனதென்று
அறுத்துப் பார்க்க ஒண்ணா.

இரண்டு கிழமை கழித்து இஸ்ஸதீன் காக்கா
கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
'ஆ, இது முட்டை.'
ஒன்றுக்கு இரண்டு ரூபாய் கூட்டித் தந்தார்.
சோளனால் எனக்கு ஒன்றுக்கு மூன்றரை கூடியிருந்தது.
பாதையில் நின்று விரல்விட்டுப் பார்த்தேன்,
அக்கரை வரும்வரை கணக்கு மாறவில்லை.

இப்போது ஐந்து கோழியை
வீட்டுக்கென்று தனிக்கூட்டில் விட்டிருக்கிறேன்.
அதுகளுக்குக் குறுணல்தான்.
நிறம் விற்பனைக்கு.

துளசிகா இன்றைக்குப்
பதினான்கு கிலோ இருநூறு.